புண் ஆறிய மீன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவில், கிள்ளானை அடுத்த காப்பாரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஆரம்பித்தது அது. அன்றைக்கு என் கணவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதை மூடியதும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் மீன் வளர்க்க இறங்கினேன். பின்புறத்தில் நான்கு கான்வாஸ் தொட்டிகள் வைத்து விரால் வளர்த்தேன். இங்கே விரால் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது, ஹாருவான் என்று சொல்ல வேண்டும். பிரசவமான பெண்களுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இந்த மீனை சூப் வைத்துக் கொடுத்தால் தையல் போட்ட புண் சீக்கிரம் ஆறும் என்று மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் நம்பிக்கை உண்டு. உயிரோடு வாங்கிப் போய் அன்றைக்கே சமைக்க வேண்டும் என்பார்கள். ஆகவே என்னிடம் மீன் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டில் யாரோ ஒருவர் ஆறாத புண்ணோடு படுத்திருக்கிறார் என்று அர்த்தம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி நடந்துகொண்டேன்.

என் மீனுக்கு ஒரு பெருமை உண்டு. மருந்து போடாத மீன். மீனுக்கு நோய் வந்தால் மற்றவர்கள் கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் தூளைத் தீனியில் கலப்பார்கள். நான் இலைத் தண்ணீர்தான் போடுவேன். வெற்றிலை, கொய்யாக் கொழுந்து, பூண்டு, கொஞ்சம் மஞ்சள் எல்லாவற்றையும் நசுக்கிச் சிறு தீயில் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, தீனி உருண்டைகளில் பிசிறி நிழலில் காய வைப்பேன். நாட்டு வாதுமை மரத்தின் பழுத்த இலையைத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்க விடுவேன். ஒரு தடவை இரண்டாவது தொட்டி மீன்களுக்கு வயிற்றில் லேசாகச் சிவப்புப் புள்ளி வந்தது. இலைத் தண்ணீர் போட்டுப் பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிட்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு என் வாயை யாராலும் மூட முடியவில்லை. மீன் வளர்ப்பவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு பிரசங்கம். என் கணவர் கூட, "மீனுக்குக் காது இருந்தா அதுவும் குழுவ விட்டு ஓடிடும்லா" என்று கிண்டல் செய்வார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னது இல்லை.

அந்த மாதம் மூன்றாவது தொட்டியில் நோய் புகுந்தது. இது முன்பு வந்ததைப் போல் லேசானது இல்லை. காலையில் வலையைத் தூக்கினால் நான்கைந்து மீன்கள் மல்லாந்து கிடந்தன. உயிரோடு இருந்தவற்றுக்கும் உடம்பில் காசு அளவுக்குச் சிவந்த புண், வயிறு ஊதியிருந்தது, செதில் நிமிர்ந்திருந்தது, துடுப்பு நார் நாராகக் கிழிந்திருந்தது. தீனி போட்டால் திரும்பியும் பார்க்காது. துள்ளிக் குதித்து வலையைக் கிழிக்கும் ஜாதி மீன், தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் இரண்டு வேளையும் இலை காய்ச்சினேன். நான்கு நாள் ஆகியும் சாவு நிற்கவில்லை. ஐந்தாம் நாள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் கணவர் வந்து பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவர் லோரி ஓட்டுபவர், அதிகம் பேச மாட்டார். விடிந்ததும் மீன்களுக்கு முதல் தீனி போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவது அவருடைய பொறுப்பு.

எட்டாம் நாள் அதிசயம் நடந்தது. சாவு நின்றது. பத்தாம் நாள் மீன்கள் தீனிக்குத் துள்ளின. இரண்டு வாரத்துக்குள் புண் காய்ந்து, அந்த இடத்தில் புதுத் தோல் மினுமினுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழுவில் நான்கு நிமிடத்துக்குக் குரல் செய்தி அனுப்பினேன், எந்த இலை எத்தனை பிடி, எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று கணக்காக. நடுவில் ஒரு காலை, தீனி கலக்கும் பேசினின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூண்டு வாசனை வரவேண்டிய இடத்தில் கிளினிக் வாசனை வந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். 

இப்போது கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த ஒரு குடும்பத்துக்கு வருகிறேன். ஒரு இளைஞர், அவருடைய மனைவி, அவருடைய அம்மா, மூவரும் அங்கே ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தார்கள். மனைவிக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தை பிறந்தது. யாரோ சொல்லி என்னைக் கேட்டார்கள். முதல் தடவை முதலாவது தொட்டியிலிருந்து ஒரு மீனைப் பிடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் மஞ்சள் பூசிய முகமும் காதில் பஞ்சுமாக உட்கார்ந்து என்னிடம் சொன்ன கதை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பல்வலிக்குப் போனபோது ஒரு மாத்திரை கொடுத்தார்களாம். பென்சிலின் வகை. போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு நின்று, ஐசியூவில் கண் விழித்தாளாம். "அதனாலதான்க்கா, ஊசி போட்ட கோழி, மருந்து போட்ட மீன் எதுவும் எனக்கு வேணாம்னு இவர்கிட்ட சொல்லிட்டேன். உங்க மீனுன்னா நம்பிச் சாப்பிடலாம்னாங்க." நான் சோபாவில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து இந்தக் கதையை என் கணவரிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த இளைஞர் வாளியோடு வந்தார். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மீனை வீட்டில் கொடுத்துவிட்டு ஒன்பதரை மணி ஷிப்டுக்கு ஓட வேண்டும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவது தொட்டியில் வலையை விட்டு, ஆறிய தழும்போடு இருந்த பெரிய மீனாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். "தம்பி, இது புண்ணு வந்து என் இலைத் தண்ணியில ஆறின மீன். தன் புண்ணையே ஆத்திக்கிட்ட மீனு, உங்க வீட்டுக்காரம்மா புண்ணை ஆத்தாதா?" என்று வேறு சொன்னேன். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கு அதை எழுதும்போது என் தலையில் நானே ஓங்கிக் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று என் கணவருக்கு விடுமுறை. ஒன்பதரை மணி வாக்கில் எழுந்து காப்பி கிளாஸோடு தொட்டிப் பக்கம் வந்தார். பெரிய மீன் இரண்டைக் காணோமே என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி வாங்கிப் போனார் என்றேன்.

"எந்தத் தொட்டி? மூணாவதா?"

ஆமாம் என்றேன். கிளாஸை அப்படியே திண்டில் வைத்தார். வைத்த வேகத்தில் காப்பி சிந்தியது. முகத்தில் ரத்தமே இல்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அதுல மருந்து போட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்த மருந்து, இலை மருந்தா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கெளுத்தி வளர்க்கும் அவருடைய நண்பரிடம் வெள்ளைத் தூள் ஒரு பொட்டலம் வாங்கி, ஒரு வாரமாக விடியற்காலைத் தீனியில் கலந்து போட்டாராம். நான் அழுததைப் பார்க்கத் தாங்கவில்லையாம். மீன் பிழைத்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தாராம். "நீ அந்த வாய்ஸ் அனுப்புன பாரு, அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல. நாலு நாளுக்கு முந்திதான் போடறத நிறுத்துனேன். இப்ப யாரும் வாங்க வரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

கத்தக்கூட எனக்கு நேரம் இல்லை. போனை எடுத்து அந்த இளைஞரை அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். அப்போதுதான் அவர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. அவர் வேலை செய்யும் இடத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மனைவியின் எண்ணோ அம்மாவின் எண்ணோ என்னிடம் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவசரத்துக்குப் போய்ப் பார் என்று சொல்ல எனக்கு ஒரு ஆளும் கிடையாது. "அந்த மீனைச் சமைக்காதீங்க, தயவுசெஞ்சு சமைக்காதீங்க" என்று குரல் செய்தி அனுப்பினேன். அது கேட்கப்படாமல் அப்படியே கிடந்தது. பிளாக்கும் மாடியும் எனக்குத் தெரியும். மோட்டர் சைக்கிளை எடுங்கள் என்றேன். சனிக்கிழமை ஹைவேயில் காரில் போனால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. மோட்டருக்கு என்று ஹைவேயில் தனிப் பாதை இருக்கிறது.

கிள்ளானைத் தாண்டும் வரை அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் மணிக்கணக்கு போட்டேன். எட்டே முக்காலுக்கு மீன் வீட்டுக்குப் போயிருக்கும். உயிர் மீனைத் தட்டி, உப்பும் புளியும் போட்டு வழுவழுப்புப் போகக் கழுவி, வெட்ட அரை மணி. மிளகு, பூண்டு, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவிட ஒரு மணி. பத்தியக்காரிக்குப் பதினொரு மணிக்கெல்லாம் சோறு கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு நேரமே இல்லை. கொதிக்க வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடாதா என்று அவர் தலையைத் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போய்விட வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஷா ஆலாமைத் தாண்டும்போது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, முன்னால் போகிற மோட்டரின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத மழை. மோட்டர்காரர்கள் எல்லாரும் ஒரு பாலத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். நாங்களும் ஒதுங்கினோம். அங்கே நின்றுதான் அந்த நண்பரை அழைக்கச் சொன்னேன். என்ன மருந்து என்று தெரியாமல் அந்த வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது? போனை ஸ்பீக்கரில் போட்டார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"அதுவா? பயப்படாதீங்கலா, நல்ல சாமான்தான். மனுஷனுக்குத் தொண்டை வலிக்குக் குடுப்பாங்களே, அமோக்ஸிசிலின், அந்த பென்சிலின் குடும்பம். என்ன ஒண்ணு, போட்டா கொஞ்ச வாரம் மீனைப் பிடிக்கக் கூடாது. சொன்னேனே?"

என் கணவர் போனை அணைத்தார். பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் மருந்து இருக்கும் உலகத்தில் அதே மருந்து. ஒரு குழந்தையின் தாய், ஆறாத வயிற்றோடு, என்னை நம்பி ஒரு கிண்ணம் சூப்பை வாயில் வைக்கப் போகிறாள். அந்த நிமிடத்தில் என் புத்தி எங்கே போனது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை அவளுக்கு ஒன்றும் ஆகாது, நாம் திரும்பிப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு குரல் கேட்டது. மழை விடட்டும் என்று இன்னொரு குரல் அதற்குத் தாளம் போட்டது. என்னைப் பார்த்து நானே பயந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"மழையோட போங்க" என்றேன். அவர் மழைக்கோட்டை எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சக்கரம் இரண்டு தடவை வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா யார் எவர் என்று புத்தகத்தை நீட்டினார். என் கணவர் அவரிடம் பேசிக்கொண்டிருக்க, நான் தடுப்பின் ஓரமாக நுழைந்து ஓடினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி. மூன்றாவது மாடியிலேயே வாசனை வந்துவிட்டது. மிளகும் பூண்டும் போட்ட விரால் சூப். அந்த வாசனையை விற்றுத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். அன்று அது மூக்கில் ஏறியதும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

மாமியார்தான் கதவைத் திறந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து, "என்னம்மா, இந்த மழையில?" என்றார். அவருக்குப் பின்னால் கூடத்தில் அந்தப் பெண் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் முள் மட்டும்தான் இருந்தது.

"சாப்பிட்டுட்டாளா?" என்றேன்.

இப்போதுதான், பத்து நிமிடம் இருக்கும், நன்றாகச் சாப்பிட்டாள் என்று மாமியார் சிரித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தபடியே கழுத்தைச் சொறிந்தாள். "அத்தே, இன்னும் அரிக்குது." மாமியார் திரும்பாமலே, "மிளகுச் சூடுடி, பத்தியத்துல அப்படித்தான் இருக்கும். பவுடர் போட்டுக் கொஞ்சம் படு" என்றார். நான் செருப்போடு உள்ளே போய்விட்டேன். அவள் கழுத்தில் கொசு கடித்த மாதிரித் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காது வரை ஏறியது.

சொல்லிவிட்டேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. மீனில் மருந்து இருக்கிறது, பென்சிலின் ஜாதி, நான் பொய் சொல்லிவிட்டேன், தெரியாமல் சொன்ன பொய், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மாமியார் என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அடுத்த நொடி எதிர் வீட்டுக் கதவை அறைந்து தட்டினார். எதிர் வீட்டுக்காரர் கார்ச் சாவியோடு வந்தார். அந்த நான்கு மாடியையும் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவள் மூச்சு இழுக்கும் சத்தத்தை நான் எண்ணினேன். மூன்றாவது மாடியில் "தொண்டையில என்னவோ மாதிரி இருக்கு" என்றாள்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் நான்தான் முன்னால் ஓடினேன். மலாயில் கத்தினேன். சாப்பிட்டது இந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாது, முன்பு இதே மருந்துக்கு ஐசியூ வரை போனவள், பிரசவமாகிப் பதினேழு நாள். தாதி எழுதக்கூட இல்லை, சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினார். கூட ஒருவர்தான் போகலாம் என்றார்கள். மாமியார் போக வேண்டியிருந்தது. என் கணவரும் எதிர் வீட்டுக்காரரும் அந்தத் தொழிற்சாலைக்குத் தகவல் சொல்ல வெளியே போனில் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். மாமியார் சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு வழி இல்லை. குழந்தையை என் கையில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உட்கார்ந்தேன். என் சட்டை முழுக்க நனைந்து, மீன் வாடையும் மழையுமாக இருந்தது. குழந்தையை உடம்பில் ஒட்டாமல் நீட்டிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த மலாய் அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் தன் பையிலிருந்து காய்ந்த துண்டை எடுத்து என் மார்பில் போர்த்தி, குழந்தையை அதன் மேல் சாய்த்து வைத்தார். அது கண்ணைத் திறக்காமலே என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. தலை என் இடது முழங்கையில். மூன்று கிலோ இருக்குமா? எத்தனை மீனை நிறுத்துக் கொடுத்த கை இது. ஆனால் அந்தக் கனத்தை மட்டும் அதற்குத் தாங்கத் தெரியவில்லை.

கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்தேன். வெளியே வருகிற ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் இந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை என்று சொல்லத்தான் வருகிறது என்று தோன்றியது. குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்தது. எனக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? விரலைக்கூட அதன் வாயில் வைக்கப் பயம், அது காலையில் அந்தத் தொட்டிக்குள் விட்ட கை. நடந்தேன், தட்டினேன், தெரிந்த பாட்டை எல்லாம் முணுமுணுத்தேன். அப்படி நடக்கும்போதுதான் அந்தப் பேசின் கண் முன்னால் வந்து நின்றது. விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூள். கிளினிக் வாசனை.

எனக்குத் தெரியும். அதுதான் உண்மை. முன்பு லேசான நோய் ஆறவே பத்துப் பதினைந்து நாள் ஆனது. இத்தனை மோசமான நோய் எப்படி அத்தனை நாளிலேயே புதுத் தோலோடு ஆறும்? ஒரே ஒரு தடவை, "என்ன போட்டீங்க?" என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். பொய் சொல்ல வராத மனுஷன். பதில் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் நான் கேட்கவில்லை. என் இலைத் தண்ணீர் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மழையில் வந்த ஒரு மணி நேரமும் அவரைத்தான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். பேசினைக் கழுவிக் கவிழ்த்தவள் நான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தார். தமிழ்ப் பெண். ஊசி போட்டிருக்கிறோம், மூச்சு சீராகிவிட்டது, சாயங்காலம் வரையாவது கண்காணிப்பில் வைத்திருப்போம் என்றார். மீனால்தான் வந்தது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். கொதிக்க வைத்தால் போயிருக்காதா என்று கேட்டேன். அதை நம்பி உட்காரக் கூடாது என்றார். பிறகு, "மருந்து பேர் சொன்னது யாரு? நீங்களா? நல்ல வேளை. லேட் ஆயிருந்தா கஷ்டம் ஆன்டி" என்றார். நல்ல வேளை என்ற வார்த்தை எனக்குச் செருப்படி போல இருந்தது. சுவரோரம் போய், குழந்தையை அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

அதற்குள் அந்த இளைஞரும் வேலையிலிருந்து ஓடி வந்துவிட்டார். என் கணவர் அவர் முன்னால் போய் நின்று, தப்பு என்னுது என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே போனேன். "ரெண்டு பேர் தப்பும்தான் தம்பி. நான் பாத்தும் கேக்கல" என்றேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வாளியை எடுத்தே அடித்திருப்பேன். புட்டிப் பால் வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தார். குழந்தை அப்பாவிடம் வீறிட்டு அழுதது. கொஞ்ச நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், மறுபடி என்னிடமே நீட்டினார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். மாமியார் வந்து அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது முதல் தடவையாகப் பேசினார். "நம்பித்தானேம்மா வாங்கினோம்" என்றார். அந்தப் பெண் மட்டும், குரல் கரகரக்க, "அக்கா, நீங்க வரலன்னா நான் மிளகுச் சூடுன்னு பவுடர் போட்டுப் படுத்திருப்பேன்" என்றாள். அது மன்னிப்பா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் மூன்றாவது தொட்டிக்குப் பூட்டுப் போட்டேன். வாட்ஸ்அப் குழுவில் நான்கு நிமிடம் பேசிய அதே வாயால் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேலி செய்தார்கள், செய்யட்டும். என் பேச்சை நம்பி இலை மட்டும் காய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு பேர் உடனே மீன்வள அலுவலகத்துக்கு ஓடினார்கள், அது போதும். நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி என் இலைகளைத் தூக்கி எறியவில்லை. ஆரம்பத்திலேயே, லேசான நோய்க்கு உதவலாம், ஆனால் தண்ணீரையும் மீனையும் சோதிக்காமல் எதையும் மருந்து என்று சொல்லாதீர்கள் என்றார். தூளையும் இலையையும் சேர்த்துப் போட்டால் எது குணமாக்கியது என்று அந்த மீனுக்கே தெரியாது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் குடும்பம் அதன்பிறகு என்னிடம் மீன் வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்றுதான் நானும் விரும்பினேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் அந்த எண்ணிலிருந்து ஒரு படம் மட்டும் வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். குழந்தை உட்கார்ந்திருந்தது, பின்னால் அம்மாவின் இரண்டு கைகள் அதைப் பிடித்திருந்தன. அந்தக் கைகளைத்தான் நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் இலை காய்ச்சுகிறேன். ஆனால் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பலகை தொங்குகிறது. யார் எதைப் போட்டாலும் அதில் எழுத வேண்டும், என் கணவரும் எழுதுகிறார், நானும் எழுதுகிறேன். பலகை சுத்தமாக இருந்தாலும், வாளியோடு ஒருவர் வந்து நின்றால், வலையை விடும் முன் வீட்டுக்குள் இருக்கும் என் கணவரைப் பார்த்து, "ஏதாவது போட்டீங்களா?" என்று வந்தவர் காது கேட்கக் குரல் கொடுக்கிறேன். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் மீனைத் தூக்குகிறேன். தூக்கும்போதெல்லாம் என் இடது முழங்கையில் அந்தப் பதினேழு நாள் குழந்தையின் தலை கனக்கிறது, அது கனக்காமல் போகும் நாளில் நான் இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.